பழைய ஜி31 போர்டில் 4 டிபி ஹார்ட் டிஸ்க்: எது தடுக்கும், எது தடுக்காது

கேள்வி இதுதான்: 2009 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப். இன்டெல் ஜி31 மதர்போர்டு, கோர் 2 டுயோ, 4 ஜிபி ராம், விண்டோஸ் 7. உள்ளே இருப்பது 320 ஜிபி டிஸ்க். படங்களும் வீடியோக்களும் சேர்த்து வைக்க 4 டிபி டிஸ்க் வாங்கிப் போட்டால் ஏற்குமா? 2 டிபிக்கு மேல் போகாது என்கிறார் ஒருவர். பயாஸை (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) அப்டேட் செய்தால் போதும் என்கிறார் இன்னொருவர்.

ஏற்கும். 4 டிபியும் முழுதாகக் கிடைக்கும். ஒரு நிபந்தனை உண்டு: விண்டோஸ் இப்போதிருக்கும் 320 ஜிபி டிஸ்கிலிருந்தோ, அதற்குப் பதிலாகப் போடும் சிறிய எஸ்எஸ்டியிலிருந்தோதான் பூட் ஆக வேண்டும், அதாவது தொடங்க வேண்டும். 4 டிபி டிஸ்கில் கோப்புகளை மட்டும் வையுங்கள். டிஸ்க் திரையில் தெரிந்துவிட்டது, அளவும் சரியாகக் காட்டுகிறது என்பதை மட்டும் வைத்துக் குடும்பப் படங்களை அதில் கொட்டிவிடாதீர்கள். 2 டிபி எல்லையைத் தாண்டி எழுதினால் எழுதியது சரியான இடத்தில்தான் போய் உட்காருகிறதா என்று ஒருமுறை சோதித்துவிட்டு நம்புங்கள். அந்தச் சோதனையைக் கீழே சொல்கிறேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

அந்த 2 டிபி எல்லை எங்கிருந்து வருகிறது? டிஸ்க் தரவை எழுதும் சிறு கட்டத்துக்கு செக்டர் என்றும், டிஸ்கைப் பிரித்த பகுதிக்குப் பார்ட்டிஷன் என்றும் பெயர். டிஸ்கின் முதல் செக்டரில் பார்ட்டிஷன் விவரங்களை எழுதி வைக்கும் பழைய முறைக்கு எம்பிஆர் என்று பெயர். ஒரு பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பதை அது 32 பிட் எண்ணாகக் குறிக்கிறது. 32 பிட்டில் அதிகபட்சம் சுமார் 429 கோடி செக்டர்களை எண்ணலாம். ஒரு செக்டர் 512 பைட் என்றால் மொத்தம் 2,19,902 கோடி பைட்; விண்டோஸ் கணக்கில் 2,048 ஜிபி. இந்த எல்லை மதர்போர்டிலோ அதோடு டிஸ்கை இணைக்கும் சாட்டா கேபிளிலோ இல்லை, எழுதி வைக்கும் முறையில் இருக்கிறது. ஜிபிடி என்ற புதிய முறை 64 பிட் எண்களைப் பயன்படுத்துவதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை. சாட்டா வழியாக டிஸ்கோடு பேசும் முறை 48 பிட் முகவரிக்கு மாறி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஜி31 அதற்குப் பிந்தைய போர்டு.

விண்டோஸ் 7, 32 பிட்டாக இருந்தாலும் 64 பிட்டாக இருந்தாலும், ஜிபிடி டிஸ்கைப் படிக்கும், எழுதும். அதிலிருந்து பூட் ஆவதுதான் முடியாது. ஜிபிடி டிஸ்கிலிருந்து விண்டோஸ் பூட் ஆகப் பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ வேண்டும், 64 பிட் பதிப்பும் வேண்டும். ஜி31 போர்டுகளில் இருப்பது பழைய பயாஸ். எத்தனை அப்டேட் போட்டாலும் அது யுஇஎஃப்ஐ ஆகாது. எனவே இந்தக் காரணத்துக்காகப் பயாஸைத் தொட வேண்டாம். அப்டேட் நடுவில் மின்சாரம் போனால் போர்டே போய்விடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

அட்டையில் 512இ என்று போட்ட டிஸ்க் வேண்டும். உள்ளே 4,096 பைட் செக்டர், வெளியே 512 பைட்டாகக் காட்டிக்கொள்ளும். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்குகள் எல்லாம் இந்த வகைதான். சர்வர்களுக்கான சில டிஸ்குகள் 4கேஎன் என்று வரும். அவை வெளியேயும் 4,096 பைட்டையே காட்டும். விண்டோஸ் 7 அவற்றை ஏற்காது, விண்டோஸ் 8 முதல்தான் ஏற்கும். விண்டோஸ் 7-இல் சர்வீஸ் பேக் 1 இல்லையென்றால் அதை முதலில் போட்டுக்கொள்ளுங்கள்.

சிஎம்ஆர், எஸ்எம்ஆர் என்ற வேறுபாட்டையும் கவனியுங்கள். சிஎம்ஆர் டிஸ்கில் தரவுத் தடங்கள் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆர் டிஸ்கில் தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இருப்பதால், ஓர் இடத்தைத் திருத்தி எழுத அக்கம்பக்கத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். ஒருமுறை எழுதிவிட்டுப் பலமுறை பார்ப்பதற்கு அது போதும். ஆனால் பல நூறு ஜிபியை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது நடுவில் வேகம் பெரிதும் சரியும். அதைப் பார்த்து டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். 4 டிபி டெஸ்க்டாப் டிஸ்குகளில் எஸ்எம்ஆர் சகஜம். விலை சிறிது கூடினாலும் சிஎம்ஆர் வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரத்தாளில் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

7,200 சுற்று டிஸ்க் இந்தக் கணினிக்குத் தேவையில்லை. 5,400 சுற்று டிஸ்க் குறைவாகச் சூடாகும். காற்றோட்டம் குறைந்த பழைய கேபினட்டில் அது பெரிய லாபம்.

பொருத்துவது

கணினியை அணைத்து, பின்பக்கக் கேபிளைச் சுவர் ப்ளக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள். திறந்த கையோடு போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பதினைந்து ஆண்டுப் பழைய பேட்டரி என்றால், ப்ளக்கைப் பிடுங்கிய சில நிமிடங்களில் பயாஸ் அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும். ஜி31-இல் அதனால் பெரிய கெடுதல் இல்லை, தேதி மட்டும் மாறும். ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்கோடு பேசும் புதிய முறை) வசதி உள்ள போர்டுகளில் அந்த அமைப்பு பழைய ஐடிஇ முறைக்குத் திரும்பி, விண்டோஸ் 0எக்ஸ்7பி என்ற நீலத்திரையில் நின்றுவிடும். ஆட்கள் புது டிஸ்கைச் சந்தேகிப்பார்கள், காரணம் பேட்டரிதான். பயாஸில் மறுபடி ஏஹெச்சிஐ என்று மாற்றினால் சரியாகிவிடும்.

3.5 அங்குல டிஸ்குக்கு 6-32 அளவு ஸ்க்ரூ. சிடி டிரைவுக்கும் எஸ்எஸ்டிக்கும் போடும் எம்3 ஸ்க்ரூவை இதில் திருகாதீர்கள். மரை பிடிக்காது, திருகிக்கொண்டே இருந்தால் துளை தேய்ந்துவிடும். பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்க்ரூ போடுங்கள். கொள்ளளவு மிக அதிகமான சில டிஸ்குகளில் பக்கவாட்டின் நடுத்துளை இருக்காது, அதனால் பழைய கேபினட்டின் துளைகளோடு பொருந்தாமல் போகலாம். அப்படியானால் அடிப்பக்கத் துளைகளைப் பயன்படுத்துங்கள். பழைய டிஸ்குக்கும் புதியதற்கும் நடுவே ஓர் அறை காலியாக இருக்கட்டும்.

பழைய டிஸ்க் எந்த சாட்டா போர்ட்டில் இருக்கிறதோ அதிலேயே இருக்கட்டும், புதியதை அடுத்த போர்ட்டில் செருகுங்கள். ஜி31-உடன் வரும் ஐசிஎச்7 சிப்பில் நொடிக்கு 3 ஜிகாபிட் வேகத்தில் நான்கு போர்ட்டுகள் உண்டு. டிஸ்க் 6 ஜிகாபிட் என்றாலும் தானாக 3-க்கு இறங்கிக்கொள்ளும். எந்த 5,400 சுற்று டிஸ்கும் அந்த 3 ஜிகாபிட்டை நிரப்பாது, எனவே வேகத்தில் இழப்பு ஏதுமில்லை. சாட்டா கேபிளை மட்டும் புதிதாக, உலோகக் கொக்கி உள்ளதாக வாங்குங்கள். பழைய கொக்கியில்லாக் கேபிள் ஆட்டத்தில் தளர்ந்து, டிஸ்க் காணாமல் போய்த் திரும்ப வரும்.

கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பக்கம் வாருங்கள். டிஸ்க் சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் இணைப்பில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கோர் 2 டுயோ கணினியில் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு அது பெரிய சுமையே இல்லை. ஆனால் அதே வயதான எஸ்எம்பிஎஸ்ஸில் கெபாசிட்டர்கள் உப்பியிருந்தால், அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து டிஸ்க் டிக் டிக்கென்று அடித்து நின்று மறுபடி தொடங்கும். புது டிஸ்க் வாங்கப் பணம் செலவழிக்கிறவர்கள், பதினைந்து வருட எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே விட்டுவிடுவது எனக்கு ஒப்பாத காரியம். முடிந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள்.

சாட்டா பவர் கனெக்டர் மிச்சமில்லாமல் பழைய நான்கு பின் மோலெக்ஸ் மட்டும் இருந்தால், மோலெக்ஸ்-சாட்டா அடாப்டர் வேண்டும். அதில் இரண்டு வகை. வயர்களைப் பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த வகையில் உள்ளே வயர்கள் நெருங்கிக் கிடக்கும். காலப்போக்கில் ஷார்ட்டாகி எரிந்த சம்பவங்கள் உண்டு. ஒவ்வொரு வயரும் தனித்தனிப் பின்னில் இறுக்கப்பட்டு, பின்பக்க மூடியைக் கழற்றினால் தெரியும் வகையைத் தேடி வாங்குங்கள்.

எக்ஸ்டர்னல் டிஸ்கைப் பிரித்து உள்ளே இருந்ததை எடுத்தவர்களும், சர்வர் வகை டிஸ்க் வாங்கியவர்களும் இன்னொன்றைச் சந்திப்பார்கள்: எல்லா இணைப்பும் சரியாக இருந்தும் டிஸ்க் சுழலவே சுழலாது. சாட்டா 3.3 விதிமுறையில் பவர் கனெக்டரின் மூன்றாம் பின்னுக்கு, மின்சாரம் வந்தால் டிஸ்க் அணைந்திருக்க வேண்டும் என்ற புது வேலை கொடுத்தார்கள். பழைய எஸ்எம்பிஎஸ்ஸோ அந்தப் பின்னில் 3.3 வோல்ட்டை நிரந்தரமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். மோலெக்ஸ் அடாப்டர் வழியாகக் கொடுத்தால், அதில் 3.3 வோல்ட் வயரே இல்லாததால் டிஸ்க் உடனே ஓடும். கேப்டான் என்ற மின்கடத்தா டேப்பைச் சிறு துண்டாக வெட்டி, டிஸ்க் பக்கத்தில் மூன்றாம் பின் மேல் ஒட்டுவதும் தீர்வுதான்.

முதல்முறை ஆன் செய்யும்போது

பூட் டிஸ்க் இல்லை என்ற செய்தி வந்தால் பதற வேண்டாம். புதிய டிஸ்கைப் பயாஸ் முதலிடத்தில் வைத்துவிட்டது, அவ்வளவே. பயாஸுக்குள் ஹார்ட் டிஸ்குகளின் பூட் வரிசையில் 320 ஜிபி டிஸ்கை மேலே கொண்டுவாருங்கள்.

பயாஸ் திரையில் 4 டிபிக்குப் பதிலாக 1,801 ஜிபி என்று காட்டக்கூடும். 32 பிட்டைத் தாண்டிய பகுதியை மட்டும் அது காட்டுகிறது. டிஸ்கிலிருந்து பூட் செய்யாதவரை இதனால் கெடுதல் இல்லை, ஏனென்றால் விண்டோஸ் பயாஸின் சொல்லைக் கேட்பதில்லை, டிஸ்கையே நேரடியாக அளவு கேட்கிறது.

டிஸ்கைக் கண்டறியும் இடத்திலேயே கணினி உறைந்து நின்றால், அந்தப் போர்ட்டை விட்டுவிட்டு பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1 சாட்டா கார்டு போடுவது நல்ல வழி. ஏஎஸ்எம்1061 சிப் உள்ள கார்டு எளிதாகக் கிடைக்கும். விண்டோஸ் 7-இல் உள்ள ஏஹெச்சிஐ டிரைவரே அதற்குப் போதும். இந்தப் போர்டின் எக்ஸ்1 ஸ்லாட் நொடிக்கு 250 எம்பி வரை தரும், ஒரு டிஸ்குக்கு அது தாராளம்.

ஜிகாபைட் போர்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நிறுவனத்தின் சில பழைய போர்டுகள் பயாஸின் நகலை டிஸ்கின் கடைசிப் பகுதியில் எழுதி, அந்த இடத்தை மறைத்துவிடும். அதில் நேர்ந்த கோளாறால் 1 டிபி டிஸ்குகள் வெறும் 32 எம்பி சொச்சமாகச் சுருங்கிய கதை பலருக்கும் நடந்திருக்கிறது. டிஸ்க் கெடவில்லை, லினக்ஸில் எச்டிபார்ம் கருவியால் முழு அளவைத் திரும்பப் பெறலாம். ஜிபிடி தன் இரண்டாம் பிரதியை வைப்பதும் டிஸ்கின் அதே கடைசிப் பகுதியில்தான் என்பதால், பயாஸை டிஸ்கில் சேமிக்கும் வசதி இருந்தால் டிஸ்கை இணைக்கும் முன்பே அணைத்துவிடுங்கள்.

பார்ட்டிஷனும் சோதனையும்

விண்டோஸில் கம்ப்யூட்டர் ஐகான் மேல் வலது கிளிக், மேனேஜ், டிஸ்க் மேனேஜ்மென்ட். புதிய டிஸ்கைத் தொடங்கி வைக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். விண்டோஸ் 7-இல் எம்பிஆர் முன்கூட்டியே தேர்வாகி இருக்கும், பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். ஜிபிடியைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் எம்பிஆர் கொடுத்துவிட்டால் 2,048 ஜிபி ஒரு துண்டாகவும், 1,678 ஜிபி எதற்கும் பயன்படாத துண்டாகவும் தெரியும். பார்ட்டிஷன் எதுவும் இல்லாத நிலையில் டிஸ்கின் பெயர் மேல் வலது கிளிக் செய்து ஜிபிடி ஆக மாற்றிக்கொள்ளலாம். பார்ட்டிஷன் இருந்தால் முதலில் அதை அழிக்க வேண்டும். விண்டோஸின் கட்டளைக் கருவியான டிஸ்க்பார்ட்டில் கிளீன் (எல்லாவற்றையும் அழிக்கும் ஆணை) கொடுத்தும் இதைச் செய்யலாம், ஆனால் அங்கே டிஸ்க் எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டால் 320 ஜிபி டிஸ்க் காலியாகிவிடும். எண்ணை அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எண்டர் தட்டுங்கள்.

ஜிபிடி ஆனதும் சுமார் 3,726 ஜிபி காட்டும். 4 டிபி எங்கே போனது என்றால், எங்கும் போகவில்லை: தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024-ஆக எண்ணுகிறது. ஆனால் 1,678 ஜிபி மட்டும் காட்டினால் நிறுத்துங்கள். 3 டிபி டிஸ்கில் இதே கோளாறு 746 ஜிபி என்று வரும். நடுவில் உள்ள டிரைவர் 32 பிட்டோடு நின்றுவிட்டது என்று பொருள். இன்டெல் ரேப்பிட் ஸ்டோரேஜ் டிரைவர் உள்ள போர்டுகளில் 10.1 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைப் போட்டால் சரியாகும்.

இப்போது சோதனை. 32 பிட்டில் தடுமாறும் ஏதாவதொரு அடுக்கு நடுவில் இருந்தால், 2,048 ஜிபிக்கு அப்பால் எழுதச் சொன்னது சுற்றிக்கொண்டு டிஸ்கின் தொடக்கத்தில் போய் விழும். பிழைச் செய்தி எதுவும் வராது. டிஸ்க் பாதிக்கு மேல் நிரம்பும் நாள் வரை எல்லாம் நன்றாக ஓடும், அதன்பின் முதலில் வைத்த படங்கள் ஒவ்வொன்றாகச் சிதையும். இதை முதல் நாளே பிடித்துவிடலாம்.

முதல் பார்ட்டிஷனைச் சரியாக 2,097,152 எம்பி அளவில் உருவாக்கி, என்டிஎஃப்எஸ் குவிக் ஃபார்மேட் செய்யுங்கள். 7-ஜிப் கொண்டு சுருக்கிய 5 அல்லது 10 ஜிபி கோப்பு ஒன்றை அதில் வையுங்கள். கணினியை முறைப்படி அணைத்துத் திரும்ப ஆன் செய்யுங்கள். மிச்ச இடம் முழுவதையும் இரண்டாம் பார்ட்டிஷனாக்கி ஃபார்மேட் செய்து, அதில் 20 ஜிபி நகலெடுங்கள். மறுபடி அணைத்து ஆன் செய்யுங்கள். முதல் பார்ட்டிஷன் திறந்து, அந்தக் கோப்பும் 7-ஜிப்பின் டெஸ்ட் ஆணையில் பிழையின்றித் தேறினால் உங்கள் வழி முழுக்கச் சுத்தம். அந்த 2,097,152 எம்பி என்பது 32 பிட் எண்ணின் முழுச் சுற்று. முகவரி சுற்றிக்கொள்ளும் கணினியில் இரண்டாம் பார்ட்டிஷனின் முதல் செக்டர், முதல் பார்ட்டிஷனின் முதல் செக்டர் மேலேயே அச்சாக விழும். இரண்டாவதை ஃபார்மேட் செய்த மாத்திரத்தில் முதலாவது தன் கோப்புகளை இழந்துவிடும். மறுபடி ஆன் செய்வதைத் தவிர்க்காதீர்கள். தவிர்த்தால் டிஸ்கிலிருந்து படிக்காமல் ராமில் இருப்பதையே காட்டி விண்டோஸ் தேறியதாகச் சொல்லிவிடும்.

தேறிய பின் இரண்டையும் அழித்து ஒரே பார்ட்டிஷனாக்கலாம், இரண்டாகவே விட்டாலும் நல்லதுதான். ஃபார்மேட் செய்யும்போது வரும் க்ளஸ்டர் அளவை மாற்ற வேண்டாம்.

பழைய தரவை மாற்றுவது

கேபினட்டுக்குள் டிஸ்குக்கு டிஸ்க் நகலெடுப்பதே வேகம். யுஎஸ்பி 2.0 நொடிக்கு 30, 35 எம்பியைத் தாண்டாது. 4 டிபியை அதில் நிரப்ப ஒன்றரை நாள் ஆகும். பல ஜி31 போர்டுகளில் நெட்வொர்க் 100 மெகாபிட்தான், அதில் நான்கு நாள். நகலெடுக்கும் நேரமெல்லாம் கணினி யுபிஎஸ்ஸில் இருக்கட்டும். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் கோப்புறைகளை வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் வழியாகப் புதிய டிஸ்குக்கு மாற்றினால் சி டிரைவ் நிரம்புவதும் நின்றுவிடும்.

முதல் வாரம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில், டிஸ்க் தன் நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் சில வரிகளைப் பாருங்கள். கீழே உள்ளவை அந்த வரிகளின் எண்கள். 199 ஏறினால் சாட்டா கேபிள். 192 காரணமில்லாமல் ஏறினால் மின்சாரம் அறுந்து அறுந்து வருகிறது, எஸ்எம்பிஎஸ்ஸையும் அடாப்டரையும் பாருங்கள். 5, 197, 198 இவற்றில் ஏதாவது பூஜ்யத்தை விட்டு நகர்ந்தால் டிஸ்கைத் தாமதிக்காமல் வாரண்டிக்கு அனுப்புங்கள். வெப்பம் 45 டிகிரிக்குள் இருந்தால் நல்லது.

இதைவிடப் பழைய கணினியா?

32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி ஜிபிடியைப் படிக்காது. அதற்கு 2 டிபி டிஸ்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எக்ஸ்பியில் உருவாக்கும் பார்ட்டிஷன் 63-ஆம் செக்டரில் தொடங்கும்; 4,096 பைட் செக்டரோடு அது ஒட்டாது, எழுதும் வேகம் விழும். பார்ட்டிஷனை விண்டோஸ் 7 கணினியில் உருவாக்கிக் கொண்டுவந்தால் 2,048-ஆம் செக்டரில் தொடங்கி ஒழுங்காக இருக்கும். சர்வீஸ் பேக் 1 கூட இல்லாத எக்ஸ்பியிலும், 28 பிட் முகவரியோடு நின்ற பயாஸிலும் எல்லை 137 ஜிபி. மேலே சொன்ன சுற்றிக்கொள்ளும் ஆபத்து அங்கேயும் உண்டு.

விஐஏ விடி8237 சிப் உள்ள போர்டுகள் 3 ஜிகாபிட் டிஸ்கையே கண்டுகொள்ளாது. டிஸ்கில் 1.5 ஜிகாபிட்டுக்கு இறக்கும் ஜம்பர் வேண்டும், இப்போதைய பல டிஸ்குகளில் அது கிடையாது. வேறு சிப் உள்ள பிசிஐ சாட்டா கார்டுதான் வழி.

லினக்ஸ் போடுகிறவர்களுக்கு நிலைமை எளிது. பழைய பயாஸிலும் 4 டிபி ஜிபிடி டிஸ்கிலிருந்தே பூட் செய்யலாம். லினக்ஸைத் தொடங்கி வைக்கும் க்ரப்புக்காக 1 எம்பி அளவில் பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒன்றும், டிஸ்கின் முன்பகுதியில் தனி பூட் பார்ட்டிஷனும் ஒதுக்க வேண்டும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது. இந்தக் கணினி இனி சேமிப்பகமாக மட்டும் ஓடப்போகிறது என்றால் லினக்ஸையே பரிந்துரைப்பேன்.

பின்னாளில் இந்த டிஸ்கை வேறு கணினிக்கு மாற்றினால், சாட்டாவில் நேரடியாகச் செருகுங்கள்; எதுவும் செய்யாமல் திறக்கும். யுஎஸ்பி பெட்டியில் போட்டுத் திறக்காவிட்டால், ஃபார்மேட் செய்யவா என்று விண்டோஸ் கேட்பதற்குச் சம்மதிக்காதீர்கள். சில யுஎஸ்பி பெட்டிகள் 512 பைட் செக்டரை 4,096 பைட்டாக மாற்றிக் காட்டும். பார்ட்டிஷன் எண்கள் எல்லாம் எட்டு மடங்கு தவறிப்போகும். சில பழைய பெட்டிகள் 2 டிபியோடு நின்றுவிடும். இரண்டிலும் தரவு பத்திரமாகவே இருக்கும். சாட்டாவில் திரும்பச் செருகினால் அப்படியே தெரியும்.